வீரம்மா கிள்ளிய பூசணிக்கொடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு இலங்கை மலையகத்தின் நானுஓயா ஸ்டேஷனில் கிடைத்தது. ரயிலுக்குக் காத்திருந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி, பக்கத்திலிருந்தவளோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே, ஸ்டேஷன் மாஸ்டர் ஆசையாய் வளர்த்த ரோஜாவின் துளிர்களைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். கிள்ளுவது அவளுக்கே தெரியவில்லை. நாள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறிக்கிற விரல்களுக்கு லீவு கிடையாது போலும். அவளுக்கு வீரம்மா என்று பெயர் வைத்து, அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "பனி மூடிய மலைகளுக்கு நடுவே, கண்ணீரும் கம்பலையுமாக வீரம்மா..."

(வேண்டாம். மலையகக் கதை என்றால் முதல் வரியிலேயே யாராவது அழவேண்டும் என்று எனக்கும் ஒரு பழக்கம். இவள் அழ மாட்டேன் என்கிறாள்.)

இரண்டாவது: 1958ஆம் வருஷம், தோட்டத்துத் துரை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்தார். காய்கறி போடலாம், தின்னலாம், மிஞ்சினால் விற்கலாம். ஒரே நிபந்தனை, காய்க்காத நிலம் திரும்பவும் தேயிலைக்குப் போய்விடும். வீரம்மா பூசணி போட்டாள்.

இது தேவலை. மேலே போவோம்.

3

கொடி ஓடியது. வீரம்மாவின் விரல்களும் ஓடின. காலையில் பெரட்டில் பேர் கொடுக்கப் போகும் முன் ஒரு கிள்ளு, மலையிலிருந்து வந்ததும் ஒரு கிள்ளு. நுனி போன கொடி பக்கமெல்லாம் கிளைவிட்டுப் புதராகிவிட்டது. காய்தான் இல்லை. அடுத்த நிலத்தில் பழனியாண்டிக்குப் பானை பானையாகக் காய்.

புருஷன் செல்லசாமி தலையில் அடித்துக்கொண்டான். "அடியே, இது தேயிலை இல்லடி! பூசணி!"

"தெரியுதுங்க. கை கேக்க மாட்டேங்குதே."

கிள்ளிய துளிரை எறிய மனமில்லாமல் தேங்காய்ப்பூ போட்டுக் கீரையாகச் சுண்டினாள். ரொட்டியும் சம்பலுமாகவே வளர்ந்த பிள்ளைகள் சட்டியை வழித்தார்கள். சின்னவளுக்குத் தீராமல் இருந்த வாய்ப்புண் ஆறியது.* வாசம் பிடித்து வந்த லயத்துப் பெண்கள் கட்டுக்கட்டாக விலைக்குக் கேட்டார்கள். அந்தக் காசில் வீட்டுக்கு முட்டை வந்தது.

* கீரையில் வாய்ப்புண் ஆறுமா என்று டாக்டர்கள் யாரும் எனக்கு எழுத வேண்டாம். ஆறியது. கதை என்னுடையது.

4

ஞாயிற்றுக்கிழமை நிலங்களைப் பார்வையிட, தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு துரைராசா வந்தார். (யாழ்ப்பாணத்துக்காரர். இவரைக் கொடுமைக்காரராக்கப் பக்கம் பக்கமாக எழுதிக் கிழித்தேன். கடைசியில் பசியோடு வருகிற ஒரு மனிதராகத்தான் மிஞ்சினார்.)

காய் இல்லாவிட்டால் நிலம் போய்விடும். செல்லசாமி என்ன செய்தான், பழனியாண்டியிடம் ஒரு பூசணிக்காயைக் கைமாற்றாக வாங்கிவந்து கொடியில் சணலால் கட்டிவைத்தான். கண்டாக்கு குனிந்து தூக்கிப் பார்த்தார். காய் கையோடு வந்தது. சணலும் வந்தது.

"என்ன செல்லசாமி, உங்கட பூசணி கயித்திலயோ காய்க்குது?"

வீரம்மா சிரித்தேவிட்டாள்.

"காய் இல்லீங்கய்யா. என் கைதான் கிள்ளிக் கிள்ளிக் கெடுத்திருச்சு. ஆனா எங்க பிள்ளைங்க வயிறு நெறையிறது இந்தக் கொடியாலதாங்க. சொன்னா நம்ப மாட்டீங்க, உக்காந்து சாப்பிட்டுப் பாருங்க."

லயத்தில் கை நனைத்துப் பழகாதவர் கண்டாக்கு. வாசம் அவரை உட்கார வைத்தது.

5

முடிவு அ: நிலம் பறிபோய், அதில் தேயிலைக் கன்று நட்டு... (எழுதிவிட்டேன். சட்டி வழிக்கிற பிள்ளைகளின் முகம் வந்து நின்றது. எழுதியதை அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: துரை மனம் குளிர்ந்து, தோட்டம் முழுக்கக் கீரை போடச் சொல்லி... (இதை நீங்களே நம்பமாட்டீர்கள்.)

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். கண்டாக்கின் வாயில் கீரை. மென்றுகொண்டிருக்கிறார். விழுங்கியதும் அவர் என்ன சொல்லவேண்டும் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நிலம் போகட்டும் என்று எழுதவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தச் சேதியை நீங்களேதான் லயத்துக்குப் போய் வீரம்மாவிடம் சொல்லவேண்டும். அவள் முதலில் உங்களை உட்காரச் சொல்லுவாள். தட்டைக் கையில் கொடுப்பாள். நாலு வாய் நீங்கள் சாப்பிட்ட பிறகுதான், வந்த விஷயம் என்ன என்று கேட்பாள்.