கேட்டுவிட்டுப் போட்ட கையெழுத்து

உச்சிப்புளியில் வீரமணி அண்ணனின் கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு அன்று சோதனை வாரத்தின் கடைசி நாள். தேறினால் வேலை. ஒரே நிபந்தனை: எனக்குக் கண் தெரியாது என்பது வருகிறவர்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்களாம். வெளிச்சமும் நிழலும்தான் எனக்குத் தெரியும். மதுரை ஹாஸ்டலில் ஆறு மாதம் தங்கிக் கம்ப்யூட்டர் படித்தவள் நான். திரையில் உள்ளதை ஹெட்போனில் ஒரு குரல் படபடவென்று வாசிக்கும், நான் தட்டுவேன். அண்ணனைவிட வேகமாகவே தட்டுவேன்.

மீனவர் அட்டை புதுப்பிக்கப் பாம்பனிலிருந்து சவேரியார் என்ற பெரியவர் வந்து எதிரே உட்கார்ந்தார். அவருடைய பழைய விண்ணப்பத்தைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏத்தா, ஆளக் காக்க வச்சிட்டுப் பாட்டா கேக்குற? ஏறிட்டுக்கூடப் பாக்க மாட்டேங்குற?"

வீரமணி அண்ணன் செருமினார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. ஒரு வாரம் நடித்தது போதும்.

"பாட்டு இல்லய்யா. எனக்குக் கண்ணு தெரியாது. உங்க விண்ணப்பத்தத்தான் இது வாசிக்குது. நீங்களே கேளுங்க."

குரலின் வேகத்தைக் குறைத்து ஹெட்போனை அவரிடம் நீட்டினேன். வேலை போனது போனதுதான் என்று நினைத்தேன்.

அவர் அதை வாங்கிக் காதில் மாட்டிக் கேட்டார். பிறகு கத்தினார்.

"ஏலே வீரமணி! நானா கூலி? முப்பது வருசமாச் சொந்த வள்ளத்துல கடலுக்குப் போறேன். கூலின்னு போட்டிருக்க?"

"போன தடவ அவசரத்துல அடிச்சிருப்பேண்ணே. நீங்களுந்தான கையெழுத்துப் போட்டீங்க?"

"எனக்கு எங்கிட்டு வாசிக்கத் தெரியும்? நீ காட்டுன எடத்துல போட்டேன்." என் பக்கம் திரும்பியதும் அவர் குரல் இறங்கியது. "இத்தன வருசத்துல, தாள்ல என்ன எழுதியிருக்குன்னு இன்னைக்குத்தான் தாயி கேக்குறேன். மொதல்லருந்து போடு."

அடுத்தவர் வாசித்துச் சொன்னால்தான் உண்டு என்ற நிலை எனக்குத் தெரியாததா? திருத்திக் கொடுத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

பின்னால் நின்ற ஒரு அக்கா நாற்காலியை இழுத்தார். "எனக்கும் அதக் காதுல மாட்டிவிடுத்தா." அதன் பிறகு அண்ணன் பக்கம் யாரும் போகவில்லை.

சாயந்திரம் கடை சாத்தும்போது அண்ணன் என் மேசைக்கு வந்தார்.

"முருகலட்சுமி, நாளைக்கு வரும்போது ஒரு ஸ்பீக்கர் வாங்கிட்டு வாரியா?"

நாளைக்கு என்றாரே! துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. ஆனாலும் விடவில்லை.

"வர்றவுக வீட்டு விசயம் ஊருக்கெல்லாம் கேக்கவாண்ணே? இன்னொரு ஹெட்போன் வாங்குங்க."