விறகுக் கொட்டில்

எவ்வளவு தேய்த்தும் அப்பாவின் நக இடுக்குகளில் இருந்த கரி போகவில்லை. ஈரத்துணியின் நுனியை முறுக்கி ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தாள் சிவானி. உடலைப் பெட்டியில் வைத்து அனுப்பிய மலர்ச்சாலைக்காரர்கள் வேட்டி கட்டி, விபூதி பூசிவிட்டிருந்தார்கள். கரியைத்தான் கவனிக்கவில்லை.

அது மலைக் குடிலின் புகைபோக்கிக் கரி. அப்பா விநாயகமூர்த்தி மங்கரே விமான நிலையத்தில் சரக்குப் பெட்டிகளோடு காலமெல்லாம் மல்லுக்கட்டியவர். ஓய்வு கிடைத்ததும் காலை நீட்டிப் படுப்பார் என்று வீட்டில் நினைத்தார்கள். அவரோ மலையேறும் வெள்ளைக்காரக் கூட்டமொன்றோடு சேர்ந்து, நடைபயணிகள் தங்கும் குடிலுக்குப் பெயின்ட் அடிக்கவும் தகரம் மாற்றவும் சம்பளமில்லாமல் கிளம்பிவிட்டார். “வீட்டுக் கூரை ஒழுகுது, இவர் காட்டில போய்க் கூரை போடுறார்” என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சனிக்கிழமை புகைபோக்கியைச் சுத்தம் செய்துவிட்டு இறங்கியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். முகில் மூடி ஹெலிகொப்டர் வர முடியாமல், மறுநாள்தான் அவரைக் கீழே கொண்டுவந்தார்கள்.

இடையில் போன அந்த இரவுதான் அம்மாவைத் தின்றுகொண்டிருந்தது. செத்தவரைத் தனியே விடக்கூடாது, தலைமாட்டில் விளக்கு எரிய வேண்டும். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமும் அவள் அதையேதான் கேட்டாள். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தெரிந்த ஒருவர் இப்போது வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்பாவோடு குடிலில் வேலை செய்த கிரேக்.

“பிள்ளை, அவரிட்டக் கேள். அப்பாவை எங்க வச்சிருந்தவை? விளக்கு வச்சவையோ?”

சிவானி ஆங்கிலத்தில் கேட்டாள். கிரேக் கையிலிருந்த தொப்பியைக் கசக்கினார்.

“உள்ளே அடுப்பு எரிந்தது. அந்தச் சூட்டில் அவரை வைத்திருக்கக் கூடாது என்று நினைத்தோம். வெளியே விறகுக் கொட்டிலில் படுக்கவைத்தோம். பயங்கரக் குளிர். மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டோம். மன்னித்துவிடு சிவானி.”

 அப்பா விறகோடு விறகாகக் கிடந்திருக்கிறார். சிவானிக்குக் கிரேக்கின் மீது பொத்துக்கொண்டு வந்த கோபம், அவருடைய முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனது. ஆனால் அம்மாவுக்கு என்ன சொல்வது? தெருமுனை டெய்ரிக் கடையில் பால் வாங்கும் அளவுக்குத்தான் அம்மாவின் ஆங்கிலம் என்பது சிவானியின் எண்ணம்.

“உள்ளுக்குத்தானம்மா வச்சிருந்தவை. அடுப்புக்குப் பக்கத்தில, நல்ல சூடாம். விளக்கு விடிய விடிய எரிஞ்சதாம். இவரும் பக்கத்திலயே இருந்தவராம்.”

அழுது சிவந்திருந்த கிரேக்கின் முகத்தை அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவருடைய கையைப் பிடித்து, “தேங்க் யூ” என்றாள். மகளிடம், “ஓம் பிள்ளை, நல்லது” என்றாள்.

அம்மாவின் அண்ணன் சுந்தரமூர்த்தி, அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட வெள்ளைத் துணித் துண்டோடு வந்தார்.

“பொறுங்கோ அண்ணை.”

அம்மா கதிரையில் இருந்து குனிந்து, தன் கால்களில் கிடந்த கம்பளி மேஸைக் கழற்றினாள். வெறுங்காலோடு பெட்டியடிக்குப் போனாள்.

“என்ன செய்யிறாய் புஷ்பம்? எரிக்கப்போற உடம்புக்கு மேஸ் எதுக்கு? எங்கட முறையில இதெல்லாம் இல்லை.”

“அந்த ராத்திரி நல்ல குளிர் அண்ணை” என்றாள் அம்மா. ஒரு மேஸை அப்பாவின் பாதத்தில் ஏற்றினாள். சின்ன மேஸ், குதிகாலைத் தாண்ட மாட்டேன் என்றது. விடாமல் இழுத்தாள்.

சிவானி துடைத்த துணியைக் கீழே போட்டுவிட்டு வந்து, அப்பாவின் மற்றக் காலைத் தூக்கிப் பிடித்தாள். அம்மா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

 மாமா மேஸுக்கு மேலேயே துணியைச் சுற்றி, முடிச்சுப் போட்டார்.