வெள்ளை நாடா கட்டிய பைபிள்

ஓசெல்லா டிப்ஸ் தன்னிடமிருந்த ஒரே நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு சாட்சி சொல்ல வந்த அன்று, டெல்மோர் கோர்ட்டில் பைபிளைக் காணோம்.

பைபிளே இல்லை என்று சொல்ல முடியாது. வெள்ளை நாடா கட்டிய ஒன்று மேஜைமேல் சட்டமாக உட்கார்ந்திருந்தது. ஆனால் அது வெள்ளைக்காரர்களுக்கு. சத்தியம் செய்கிறவர் பைபிளை முத்தமிடுவது அந்தக் கோர்ட்டின் வழக்கம். ஒரே புத்தகத்தில் இரண்டு நிறத்து உதடும் படலாமா? அலபாமா தாங்குமா? அதனால் கறுப்பர்களுக்கென்று கறுப்பு நாடா கட்டிய ஒன்று தனியாக இருந்தது. அதைத்தான் காணோம்.

குமாஸ்தா அரை மணி நேரமாக அலமாரியைக் குடைந்தார். நீதிபதி ஹாஸ்கியூவுக்கோ பசி. வீட்டில் பொரித்த கெளுத்தி மீன் ஆறிக்கொண்டிருந்தது.

"புத்தகம் இல்லைன்னா சத்தியம் இல்லை, சத்தியம் இல்லைன்னா சாட்சி இல்லை. ஜூரிகிட்ட விட்டுடலாமே ஐயா" என்றார் அரசு வக்கீல் ராலின்ஸ்.

கூண்டில் நின்றவன் ஓசெல்லாவின் தம்பி ஹோசியா. பண்ணைக்காரரின் பன்றியைத் திருடினானாம். அன்று முழுக்க அவன் அவள் வீட்டுக் கூரைமேல் தகரம் அடித்துக்கொண்டிருந்தான். அதைச் சொல்ல அவளை விட்டால் நாதியில்லை. சொல்லாவிட்டால் காலில் சங்கிலியோடு ஆறு வருஷம் ரோடு போட வேண்டும்.

"அந்தப் புத்தகம் எங்கேயும் போகலைங்க ஐயா" என்று எழுந்தாள். "உங்க முன்னாடிதான் இருக்கு."

"ஏய் ஓசெல்லா, கண்ணு அவிஞ்சு போச்சா? அது வெள்ளை நாடா" என்றார் நீதிபதி.

"நாடா உங்களுதுங்க. புத்தகம் எங்களுது."

கோர்ட்டைப் பெருக்கித் துடைப்பவளே அவள்தான். இதைச் சொன்னால் நாளை அந்த வேலை இருக்காது. போகட்டும், சனியன்!

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி மழையில கூரை ஒழுகி உங்க புத்தகம் கூழாப் போச்சுங்க. என்னை விரட்டிடுவீங்களேன்னு பயந்து, நாடாவை அவுத்து எங்க புத்தகத்துல கட்டிட்டேன். கடைசிப் பக்கத்தைப் பாருங்க."

குமாஸ்தா புரட்டினார். 'கறுப்பர்களுக்கு மட்டும்' என்று பழைய குமாஸ்தாவின் கொட்டை எழுத்து.

காலையில்தான் ஷெரீஃப் அதை ஆசையாக முத்தமிட்டுச் சாட்சி சொல்லியிருந்தார். இப்போது சட்டைக் கையால் உதட்டைத் தேய் தேய் என்று தேய்த்தார்.

"புளுகு!" ராலின்ஸ் கத்தினார். "இத்தனை வருஷமா ஒரு புத்தகம் குறையுறது எங்களுக்குத் தெரியாமலா போகும்?"

"எங்க ஆளு ஒருத்தரையாவது சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தா, அன்னிக்கே தேடியிருப்பீங்களேய்யா."

மாடியில் கறுப்பர்கள் உட்காரும் வரிசையில் சிரிப்பு வெடித்தது. ஹோசியாவுக்காக வாதாட மான்ட்காமரியிலிருந்து வந்திருந்த பெட்டவே என்ற கறுப்பு வக்கீல் நிதானமாக எழுந்தார்.

"ஐயா, அதுல பண்ணின சத்தியம் செல்லும்னா, இவங்களும் அதுலயே பண்ணட்டும். செல்லாதுன்னா ஷெரீஃப் சொன்ன சாட்சி செல்லாது. பதினோரு வருஷத் தீர்ப்பும் செல்லாது. நீங்க போன வருஷம் பதவியேத்தப்ப அதுல பண்ணின சத்தியமும்..."

"நிறுத்துய்யா!" நீதிபதிக்கு மீன் மறந்தே போயிற்று. ராலின்ஸைப் பக்கத்தில் கூப்பிட்டு ஏதோ குசுகுசுத்தார். இரண்டே நிமிஷம். அரசு வழக்கை வாபஸ் வாங்கியது. ஹோசியா விடுதலை.

தம்பியைப் பார்த்து ஓசெல்லாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் மூன்று நாளாக ஒத்திகை பார்த்த சாட்சியை வீணாக்குவாளா? நேரே போய்ப் புத்தகத்தின்மேல் கையை வைத்தாள்.

"ஐயா, நான் இன்னும் உண்மையைச் சொல்லவே ஆரம்பிக்கலை."

நீதிபதி பதறிப்போனார்.

"மிஸஸ் டிப்ஸ், போதும்மா. தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க!"

மாடியில் சிரிப்பு சட்டென்று அடங்கியது. அந்தக் கோர்ட்டில் எந்தக் கறுப்புப் பெண்ணுக்கும் 'ஏய்'தான் மரியாதை. 'மிஸஸ்' என்று யாரையும் கூப்பிட்டதே கிடையாது.

ஓசெல்லா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்கய்யா. ரெக்கார்டுல ஏறட்டும்."