ஒரு நேரத்தில் ஒரு சத்தம்

மூன்று விரல்களால் சின்தசைசர் கீபோர்டின் மூன்று கட்டைகளை ஒன்றாக அழுத்தினார் கொர்னேலியஸ். ஒரு சத்தம்தான் வந்தது. விரல்களைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினார். மறுபடியும் ஒன்றே ஒன்று. அதுவும் சாதாரணச் சத்தமா? போர்ட் கிள்ளானில் நங்கூரம் போட்டிருந்த கப்பல்களெல்லாம் யாரோ தங்களைக் கூப்பிடுவதாக நினைத்துத் திரும்பிப் பார்த்திருக்கும். பொழுது விடிந்தால் வாய் ஓயாத பக்கத்து வீட்டு லிம்மின் கூண்டுக் குருவி, அன்று சாயங்காலம் வரை மூச்சுக் காட்டவில்லை.

சமையலறையிலிருந்து மனைவி உர்சுலா கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

"பாட்டு வருதா, கப்பல் வருதா?"

"செட்டிங் பண்றேன்லா."

"பண்ணுங்க, பண்ணுங்க. ஈஸ்டருக்குள்ள கப்பல் கரைக்கு வந்தா சரி."

கொர்னேலியஸ் போர்ட்டில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிரேன் தூக்கியது பெட்டிகளைத்தான். அவர் வாய் கப்பலையே தூக்கும். அந்த வாயால் வந்த வினைதான் இந்தச் சின்தசைசர்.

தமிழ்ப் பூசைக்குக் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விட்டாள். பதிலுக்கு ஆள் கிடைக்காமல், பதிவு செய்த இசையை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாடலாம் என்று கோயிலில் முடிவு செய்தார்கள். முதல் ஞாயிறு உர்சுலா பதிலுரைப் பாடல் பாட வாசக மேடையில் ஏறினாள். அந்த மேடை இருபது வருடமாக அவளுடையது. அவள் பாடினால் வெளியே லோரிக்காரன்கூட ஹார்ன் அடிக்க யோசிப்பான் என்பது கொர்னேலியஸின் கட்சி. ஆனால் போன வருடம் அவளுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பி வந்தாள். மூச்சில் பாதிதான் கூட வந்தது. நீளமான அடி வந்தால் நடுவில் நின்றுதான் மூச்சு வாங்க வேண்டும். கீபோர்டுக்காரப் பெண் அதற்காகக் காத்திருப்பாள். ஸ்பீக்கர் காத்திருக்கவில்லை. இசை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்க, உர்சுலா மைக்குக்கு முன்னால் வாய் திறந்தபடி நின்றாள். பாடகர் குழுவிலிருந்த வலேரி, பாவம், பதறிப்போய் மீதியைப் பாடி முடித்தாள். உர்சுலா இறங்கி வந்து உட்கார்ந்தாள். காரில் ஏறியதும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "இனிமே வலேரியே பாடட்டும்."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் கொப்பி குடித்துக்கொண்டு நிற்கையில், கொர்னேலியஸ் ஃபாதரிடம் போனார். "கீபோர்டு ஆள் இல்லைன்னு ஏன் ஃபாதர் கவலப்படுறீங்க? நான் இருக்கேன். நைட் ஷிப்ட்ல போர்ட் கேன்டீன்ல நான் வாசிச்சா, கப்பல்காரங்க இறங்கி வந்து கேப்பாங்க." அவர் வாழ்நாளில் தொட்ட ஒரே கீபோர்டு மகன் வீட்டுக் கம்ப்யூட்டருடையது. ஃபாதர் நம்பினாரோ, வேறு வழி இல்லையோ, ஈஸ்டரிலிருந்து வாசிக்கச் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற உர்சுலா காட்டிக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டைப் பூட்டிய பிறகுதான் பேசினாள்.

"எனக்காகத்தான் புளுகுனீங்கன்னு தெரியும். ஈஸ்டருக்கு ஒரு தடவ எந்திரிச்சுப் பாடுறேன். அன்னிக்கும் நடுவுல நின்னுச்சுன்னா நேரா வந்து உக்காந்துருவேன். அதுக்கப்புறம் பாடச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. நீங்களும்தான்."

அவள் சொன்னால் சொன்னதுதான். கொர்னேலியஸ் மறுநாளே கீபோர்டு தேடக் கிளம்பினார்.

சின்தசைசரைச் சுபாங் ஜெயாவில் ஜோனத்தன் என்ற பையனிடம் பழையதாக வாங்கினார். அவன் வீட்டில் நாலைந்து கீபோர்டுகள் இருந்தன. மற்றதெல்லாம் வழவழவென்று கிடக்க, இது ஒன்றில்தான் உடம்பெல்லாம் திருகுகள். பார்த்தவுடன் பழைய கிரேன் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது அவருக்கு. வேறெதையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அவனுக்கே போன் போட்டார்.

"தம்பி, மூணு கட்டை அமுக்குனா ஒண்ணுதான் கத்துது. ஸ்பாயில் ஐட்டத்தக் குடுத்திட்டியா?"

"ஸ்பாயில் இல்ல அங்கிள். அது மோனோ சின்த். ஒரு நேரத்துல ஒரு நோட்டுதான் வரும். டிஸ்கோ டைப் மியூசிக் போடுறவங்க வாங்குவாங்க. அங்கிள் எதுக்கு வாங்குனீங்க?"

"சர்ச்சுக்கு."

அவன் குரல் சட்டென்று கனிந்துவிட்டது.

"வேணும்னா கொண்டு வாங்க அங்கிள், வேற மாத்தித் தரேன்."

கொர்னேலியஸ் தன் கைகளைப் பார்த்தார். விரல்கள் பத்து இருந்தன. சொன்ன பேச்சைக் கேட்பது வலது ஆள்காட்டி விரல் மட்டும்தான். மற்ற ஒன்பதையும் பழக்குவதற்குள் ஈஸ்டர் என்ன, கிறிஸ்துமஸே வந்துவிடும்.

"வேணாம் தம்பி. இருக்கிற விரலுக்கு இது போதும்."

"காட் பிளெஸ் லா, அங்கிள்."

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. கட்டைகள்மேல் கலர் டேப் ஒட்டினார். ஒரு திருகைத் திருப்பினால் கொசுப் படை, இன்னொன்றைத் திருப்பினால் புயல். நடுவில் ஒரு பெரிய திருகு மட்டும் அவர் மனத்துக்குப் பிடித்துப் போனது. அதை இடப்பக்கம் திருப்பத் திருப்ப, கத்திக்கொண்டிருந்த சத்தம் கதவுக்குப் பின்னால் போவதுபோல் மங்கி, கடைசியில் யாரோ வாய் மூடி முனகுவதுபோல் ஆகிவிடும்.

பதிலுரைப் பாட்டு மட்டும் பிடிபடவில்லை. ஒரு கட்டையில் விரல் வைத்தவுடன் அடுத்தது தவறிவிடுமோ என்ற பயத்தில் அதன்மேல் பாய்ந்துவிடுவார். ஸ்பீக்கராவது ஒரே வேகத்தில் போனது. இவர் போனது அதைவிட வேகம். உர்சுலா அவரோடு சேர்ந்து ஒரு தடவைகூடப் பாடிப் பார்க்கவில்லை. ஆனால் வெங்காயம் நறுக்கும்போது தன்னை அறியாமல் அந்தப் பாட்டை முனகினாள். இரண்டாவது அடியின் நடுவில் முனகல் அறுந்துவிடும். கத்தியும் நின்றுவிடும். பிறகு கத்தி மட்டும் மறுபடி தொடங்கும்.

ஹாலில் இருந்தபடி கொர்னேலியஸ் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கிரேனில் உயரத்தில் தொங்கும் பெட்டி காற்றில் ஆடும்போது புது ஆள் பயந்துபோய் லீவரை இழுப்பான். ஆட்டம் இரண்டு மடங்காகும். லீவரில் கை இருக்க வேண்டும், ஆனால் கை சும்மா இருக்க வேண்டும். அந்த வேலையிலேயே கஷ்டமானது அதுதான். விரலைக் கட்டையில் வைத்தார். எடுக்கவில்லை. சத்தம் நீண்டுகொண்டே போனது. லிம்மின் குருவி பயந்து பயந்து பதில் சொன்னது.

ஈஸ்டர் காலை, கோயிலில் கால் வைக்க இடமில்லை. வருகைப் பாடலின்போதே மானம் போனது. புது பாத்தேக் சட்டையின் கை ஒரு திருகில் மாட்டி இழுக்க, எழுந்த உறுமலில் தீர்த்தத் தொட்டியில் அலையடித்தது. முன்வரிசைப் பெரியவர் நிலநடுக்கம் என்று செருப்பைத் தேடினார். ஜனம் சிரித்தது. ஃபாதரின் புருவம் மேலே போய் இறங்க மறுத்தது. உர்சுலா சிரிக்கவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

முதல் வாசகம் முடிந்தது. அவள் எழுந்து மேடைக்கு நடந்தாள். கொர்னேலியஸ் சட்டைக் கைகளை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டார்.

முதல் அடி நன்றாகவே வந்தது. பழைய குரல், கொஞ்சம் மெலிந்து. இரண்டாவது அடி தொடங்கியது. அந்த இடம் வருவது அவருக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்திருக்கும். குரல் ஒரு நூலாகி, அறுந்தது.

விரல் அடுத்த கட்டைக்குத் துடித்தது. அவர் விடவில்லை. ஒரே சத்தம் கோயிலுக்குள் தொங்கியது. உர்சுலா முதுகைக் காட்டாமல், முகத்தையும் காட்டாமல், பக்கவாட்டில் மைக்கைப் பிடித்து நின்றாள். யாரோ இருமினார்கள். அவளுடைய கால் ஒன்று மேடையின் படியை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்தது. பாடகர் வரிசையில் வலேரி புத்தகத்தோடு பாதி எழுந்து கொர்னேலியஸைப் பார்த்தாள். அவர் வேண்டாமென்று தலையசைத்தார். வலேரி உட்காரவும் இல்லை, நிமிரவும் இல்லை.

இடது கையால் பெரிய திருகைத் தொட்டார். மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். சத்தம் மங்கி, கதவுக்குப் பின்னால் போய், ஒரு முனகலாக அங்கேயே நின்றது. படியை நோக்கிப் போன கால் நின்றுவிட்டது. கொர்னேலியஸ் கட்டையையும் பார்க்கவில்லை, ஃபாதரையும் பார்க்கவில்லை. உர்சுலாவின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே குத்தியிருந்த சேலைத் தலைப்பின் மடிப்பு மூச்சோடு மெல்ல, மிக மெல்ல, மேலே எழும்பத் தொடங்கியது.