தன் வீட்டுக்கே வடம் பிடித்தவள்

சிலி நாட்டின் எங்கள் சிலோயே தீவில் ஒருவன் இடம் மாறினால் வீட்டையும் கூட்டிக்கொண்டுதான் போவான். அடியில் உருளைக்கட்டை கொடுத்து, மாடு பூட்டி, ஊரே வடம் பிடித்து இழுக்கும். மிங்கா என்போம். கூலி கிடையாது, வயிறு முட்டச் சாப்பாடு. ஆனால் இழுத்தவர் பின்னால் ஒரு நாள் கூப்பிட்டால், வீட்டுக்காரன் வந்தே தீரவேண்டும். வராதவனை அப்புறம் யாரும் மனுஷனாக மதிப்பதில்லை.

இதெல்லாம் ஹாலந்தில் இருந்த மரைக்கே அம்மாளுக்கு எப்படித் தெரியும்? அறுபத்திரண்டு வயது. புருஷன் செத்ததும் அங்கிருந்த வீட்டை விற்றுவிட்டு, தரகன் அனுப்பிய படங்களை மட்டும் பார்த்து, எங்கள் ஊர் ரெமிகியோவின் மஞ்சள் மர வீட்டை வாங்கிவிட்டாள். நாங்கள் உருளைக்கிழங்கையே கீறிப் பார்த்துத்தான் வாங்குவோம்.

ரெமிகியோ அதற்கு மேல். எட்டுப் பக்கப் பத்திரத்தில் ஒரு வரி படிக்காமல் எட்டிலும் கையெழுத்துப் போட்டவன். விற்றது மண்ணை மட்டும் என்றே நினைத்தான். அப்பன் கட்டிய வீட்டை எவனாவது விற்பானா? கடற்கரையோரம் வேறு மனை வாங்கி, மிங்காவுக்கு நாள் குறித்துவிட்டான்.

அடுத்த வாரம் வரவேண்டிய அம்மாள் மிங்கா அன்றைக்கே வந்து இறங்கினாள். ஏதோ ஊர் சுற்ற வந்தவள் என்று நினைத்தோம். கதவும் ஜன்னலும் முன்வாசல் கூரையும் கழற்றிய வீடு, ஒன்பது ஜோடி மாடுகளுக்குப் பின்னால் ஆடி அசைந்து வந்தது. அம்மாள் பெட்டியைக் கீழே போட்டாள்.

"நானும் பிடிக்கலாமா?"

"தாராளமா பிடிங்கம்மா. பிடிச்சா சோறு உண்டு," என்றேன். மாடுகளில் இரண்டு ஜோடி என்னுடையவை. அந்த மிதப்பில் மிங்காவின் முறைகளையெல்லாம் வழி நெடுக அவளுக்கு அளந்தேன்.

நான்கு மணி நேரம் இழுத்தாள். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். பந்தியில் சிப்பியும் பன்றிக்கறியும் தின்றபடி கேட்டாள்.

"ரெமிகியோ வீட்டுக்கு எப்படிப் போகணும்?"

"ஏன் போகணும்? இப்பதானே இழுத்துட்டு வந்தீங்க."

அவள் பையிலிருந்து படத்தை எடுத்தாள். படத்தைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், கையிலிருந்த சிப்பியைக் கீழே வைத்தாள். பொய் சொல்வானேன், சிரித்துவிட்டேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

"அங்க இருந்ததையும் வித்துட்டேன். இதுவும் இல்லன்னா எங்க போவேன்?"

"நான் மண்ணைத்தானேம்மா வித்தேன்," என்றான் ரெமிகியோ.

பள்ளிக்கூட வாத்தியார் அவளிடமிருந்து பத்திரத்தை வாங்கி உரக்கப் படித்தார். மூன்றாம் பக்கத்தில், மஞ்சள் மர வீடு உட்பட என்று இருந்தது.

"கோர்ட்டுக்குப் போனா மூணு வருஷம் இழுக்கும்மா," என்றார் வாத்தியார்.

அம்மாள் என் பக்கம் திரும்பினாள். "நான் இழுத்திருக்கேன். கூப்பிட்டா இவர் வரணும். நீங்கதானே சொன்னீங்க?"

என் வாய் இருக்கிறதே. "வந்துதான் ஆகணும்," என்றேன். ரெமிகியோ என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தான்.

"அப்ப நாளைக்குக் காலைல வாங்க. என் வீட்டை அது இருந்த இடத்துலயே வைக்கணும். சாப்பாடு என் பொறுப்பு."

மறுநாள் முதல் ஆளாக வந்து வடம் பிடித்தவன் ரெமிகியோதான். அப்பன் வீட்டை அடுத்தவளுக்காக இழுப்பதென்றால் சும்மாவா? வீடு பழைய கற்களின் மேல் உட்கார்ந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு அவள் எதிரே நின்றான்.

"அம்மா, இப்ப நான் உங்களுக்கு இழுத்திருக்கேன்."

"ஆமா."

"நாளையிலேருந்து புது வீடு கட்டப் போறேன். நான் கூப்பிட்டா நீங்க வரணும்."

அவள் கொப்புளக் கையைப் பார்த்துக்கொண்டாள். "எத்தனை மணிக்கு?"

"ஆறு."

ரெமிகியோவின் பெண்டாட்டி ஒதிலியா யாரையும் கேட்கவில்லை. பாயையும் சட்டிபானையையும் தூக்கி வந்து அம்மாள் வீட்டு முன்னறையில் போட்டாள். போக வேறு இடமும் இல்லை.

காலை ஆறுக்கு மரைக்கே அம்மாள் கையில் துணி சுற்றிக்கொண்டு தயாராக நின்றாள். கூப்பிட்டவனைத்தான் காணோம். அவள் வீட்டு முன்னறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.