லாரிக்கு முன்னால்

எனக்குப் பயம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கிடங்கில் என் பெயரே கிரேன். இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் மூட்டையை ஒற்றை ஆளாகப் பிடரியில் வாங்கிக்கொண்டு நடக்கிறவன் என்பதால் வைத்த பெயர். அந்தக் கிரேனுக்கு மோட்டார் சைக்கிளைக் கண்டால் தொடை நடுங்கும் என்பது, கிடங்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிறவரைக்கும் எவனுக்கும் தெரியாது. அதுவரை நான் நடந்தே வேலைக்குப் போனேன். தெரிய வேண்டிய அவசியம் வரவில்லை.

முதலாளி பழைய கிடங்கை விற்றுவிட்டுப் பாலத்தைத் தாண்டிப் புதிதாகத் தகரக் கொட்டகை போட்டார். நல்ல கொட்டகைதான். காற்று வரும், வெளிச்சம் வரும், பஸ்தான் வராது. வரும், ஆனால் வெயில் ஏறிய பிறகு வரும். எங்கள் முதல் லாரியோ விடிந்த கொஞ்ச நேரத்தில் வந்து நிற்கும். மேஸ்திரி எல்லாரையும் நிற்க வைத்துப் பேசினார். நீங்கள் எப்படி வருவீர்களோ எனக்குத் தெரியாது, லாரி கேட்டுக்குள் நுழையும்போது ஆள் உள்ளே இருக்க வேண்டும் என்றார். லாரிக்குப் பின்னால் வருகிறவன் அப்படியே திரும்பிப் போய்விடலாம், அவன் இடத்தில் வேறு ஆள் நிற்பான்.

நடக்கிற தூரமில்லை. மற்றவர்களிடம் வண்டி இருந்தது. எனக்கு ரேடியோ வாய்த்தான். ரேடியோ எங்கள் கோஷ்டிக்காரன். வாயை அணைக்கத் தெரியாதவன் என்பதால் அந்தப் பெயர். தினமும் அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். கேட்டுக்குள் நுழையும்போதே, வழி விடுங்கள் லோடு வந்திருக்கிறது என்று கத்துவான். நான் இறங்கியதும் குனிந்து பின்சக்கரத்தைத் தடவி, காற்று மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பான். எல்லாரும் சிரிப்பார்கள். முதல் வாரம் நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. அவனுக்குத் தூக்கம் கலையவில்லை என்றால் எனக்கு நேரமாகும். அவனுக்கு மாமியார் வீட்டில் வேலை என்றால் எனக்கு வேலையே இல்லை.

ஒரு காலையில் அவன் வரவில்லை. தெருமுனையில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்று பார்த்துவிட்டு, கடைசியில் பாலத்தை நோக்கி ஓடினேன். பாதிப் பாலத்தில் எங்கள் லாரி என்னைத் தாண்டிப் போயிற்று. மேஸ்திரி அன்றைக்கு என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். பழகின ஆள் என்பதால் இந்த ஒரு தடவை விடுகிறேன், இன்னொரு தடவை நடந்தால் இடம் போய்விடும் என்றார். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

மறுநாள் ரேடியோ ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து ஹாரன் அடித்தான். நேற்று தலைவலியாம். "ஏறு லோடு" என்றான். ஏறினேன். வீடு, சோறு, மகள் படிப்பு எல்லாம் இவன் தலைவலியில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன். இனி எவன் முதுகையும் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

என் மனைவியின் தம்பி மெக்கானிக். பட்டறையில் பிரித்துச் சேர்த்த பழைய வண்டி ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். விலையைக் கேட்டதற்கு, அதை அக்காவிடம் பேசிக்கொள்கிறேன், உங்களிடம் பேசினால் பாவமாக இருக்கும் என்றான். பழகுவதற்கான உரிமமும் வாங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சந்தை மைதானத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். சந்தை இல்லாத நாள். ஒரு ஓரத்தில் காலிக் கூடைகளை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய மைதானத்தில் அந்தக் கூடைகள் மட்டும்தான் என் கண்ணில் பட்டன.

மூட்டை சரிந்தால் சுமை தூக்குகிறவன் என்ன செய்வான்? மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடிப்பான். விட்டால் கால் போய்விடும். இத்தனை வருஷம் என் கை கற்றுக்கொண்ட ஒரே பாடம் அதுதான். வண்டி லேசாக ஆட்டம் கண்டதும் கை அதையே செய்தது. கை இறுகியது, இறுகியதில் ஆக்சிலேட்டர் முறுகியது, வண்டி பாய்ந்தது, பாய்ந்ததும் இன்னும் இறுக்கினேன். கூடைகள் ஒவ்வொன்றாக என் மேல் வந்து விழுந்தன. விழும்போது குதித்து விலக வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வண்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடியே மண்ணில் கிடந்தேன்.

மச்சினன் ஓடிவந்து முதலில் எஞ்சினை அணைத்தான். அப்புறம்தான் என்னைப் பார்த்தான்.

"மாமா, இது மூட்டை இல்ல. கட்டிப் பிடிச்சா நிக்காது. கையை லூசா வச்சாத்தான் நேரா போகும்."

"லூசா வச்சா விழுந்துடாதா?"

"இப்ப மட்டும் என்ன, பறந்துக்கிட்டா இருக்கீங்க?"

அதற்கு அப்புறம் ஒரு வாரம் வண்டியைத் தொடவில்லை. வாசலில் நின்றது. தினமும் அதைச் சுற்றி நடந்து போய் ரேடியோ பின்னால் ஏறிக்கொண்டேன். ஒரு நாள் மாலை வந்து பார்த்தால் ஹேண்டில்பாரில் என் சட்டை, கேரியரில் போர்வை, கண்ணாடியில் மகளின் துப்பட்டா. என் மனைவி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நல்ல ஸ்டாண்டு வாங்கினீங்க. காத்தும் படுது, வெயிலும் படுது" என்றாள்.

நான் உள்ளே போனேன். ராத்திரிச் சோறு போடும்போது, என்ன யோசனை என்று கேட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கட்டியவளிடம் சொல்ல இத்தனை வருஷம் ஆயிற்று. அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும். வண்டியைப் பாத்தாலே உங்க காது செவந்துடுது. பயம் போனப்புறம் ஓட்டலாம்னு காத்திருந்தா, அது போகாது, உங்க வேலைதான் போகும். பயந்துக்கிட்டே ஓட்டுங்க. யாரு வேணாங்குறா?"

மறுநாள் விடிகாலையில் துணிகளை எடுத்து மடித்து வைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். யாரையும் கூப்பிடவில்லை. விழுந்தேன். எழுந்தேன். விழுந்த வண்டியைத் தூக்குவது மற்றவர்களுக்குப் பெரிய பாடு. எனக்கு அது ஒரு மூட்டைக்குச் சமானம்கூட இல்லை. அதனால் தாராளமாக விழுந்தேன். நேராகப் போகக் கொஞ்ச நாளில் வந்துவிட்டது. திரும்பத்தான் வரவில்லை. மைதானத்தின் கோடிக்குப் போனதும் இறங்கி, வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, வந்த பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி ஏறி வருவேன். ஒரு நாள் இதைப் பார்த்த மச்சினன் கீழே உட்கார்ந்து சிரித்தான். பட்டறையில் எல்லாருக்கும் நடித்துக் காட்டினானாம். காட்டட்டும். அவனால் தூக்க முடியாது.

எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியபோதும் எனக்கு இப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாக முறைத்துப் பார்ப்பேன், கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்துவிடும். இங்கே முன்சக்கரத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன், ரோடு எங்கே போகிறது என்று தெரியாமல் போயிற்று. தலையைத் தூக்கித் தூரத்தில் பார்த்த அன்றைக்கு வண்டி தானாக வளைந்து திரும்பியது. மைதானத்தில் யாரும் இல்லை. இருந்தாலும் ஒரு பெருமை முகத்தில் ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரேடியோவிடம், நாளையிலிருந்து எனக்காகக் காத்திருக்காதே என்று சொல்லிவிட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். கிரேன் ரோட்டுக்கு வரப்போகிறதாம், சிவப்புத் துணி கட்டிவிட வேண்டுமாம்.

திங்கட்கிழமை நன்றாக நேரம் வைத்துத்தான் கிளம்பினேன். வண்டிக்கு முன்னும் பின்னும் சிவப்பில் எல் என்ற எழுத்துப் போட்டிருந்தது. மச்சினன் கொடுத்த தலைக்கவசம், மூட்டை சுமந்து தடித்த என் பிடரியைக் கவ்விப் பிடித்தது. மனைவி வாசலில் நின்று, மெதுவாகப் போங்கள் என்று சொல்லவில்லை. போங்கள் என்று மட்டும் சொன்னாள்.

சிக்னலில் ஒரு தடவை வண்டி அணைந்தது. காய்கறிக் கடைப் பக்கம் இன்னொரு தடவை. பாலத்தைப் பார்த்ததும் ஓரமாக நிறுத்திவிட்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. அது அடங்கட்டும் என்று நின்றதில் வைத்திருந்த நேரமெல்லாம் கரைந்துபோனது. அடங்கவும் இல்லை. இனி நின்றால் இடம் போய்விடும் என்று தெரிந்ததும் கிளட்சை விட்டேன்.

பாலத்தின் ஒரு பாதியைப் பழுது பார்க்கிறோம் என்று பீப்பாய் வைத்து அடைத்திருந்தார்கள். மிச்சப் பாதியில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். பாலம் நடுவில் உயர்ந்து இறங்கும். ஏற்றம் ஆரம்பித்ததும் பின்னால் ஒரு லாரி வந்து சேர்ந்தது. கண்ணாடி முழுக்க அதன் முகம்தான். நான் கியரை மாற்றத் தடுமாறினேன். வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி, நட்ட நடு ஏற்றத்தில் அணைந்துவிட்டது.

பின்னால் ஹாரன். ஒரு லாரி இல்லை, அதற்குப் பின்னால் இருந்தவர்களும் சேர்ந்து அடித்தார்கள். கை இறுகியது. மூச்சு நின்றது. எங்கிருந்தோ ரேடியோ தன் வண்டியோடு லாரி இடுக்கில் நுழைந்து வந்து என் பக்கத்தில் நின்றான். அவன் முகத்தில் கேலி இல்லை, நிஜமாகவே பதறியிருந்தான்.

"கிரேன், இறங்கி ஓரமா தள்ளு. என் பின்னால ஏறிக்க. வண்டியை அப்புறம் பாத்துக்கலாம்."

ஒரு காலைக்கூடத் தூக்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால் என்ன? ஏறியிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சுமையோடு ஒருவன் லாரிக்குச் சாய்த்துப் போட்ட பலகையில் ஏறிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கிறவன் அவனை அவசரப்படுத்தக் கூடாது. தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது. முதலாளியே வந்தாலும் கீழேதான் நிற்க வேண்டும். தெரியாமல் யாராவது குரல் கொடுத்தால், ஏறுகிறவன் திரும்பிப் பார்க்காமல் ஒரே சொல் சொல்வான். இந்த ஹாரன் அடிக்கிறவர்களுக்கு அந்த வழக்கம் தெரியாது. எனக்குத் தெரியுமே. பலகையில் இருப்பவன் நான்தானே.

"நீ போ" என்றேன் ரேடியோவிடம். அப்புறம் தலைக்கவசத்துக்குள்ளிருந்து முன்னால் பார்த்தபடி சத்தமாகச் சொன்னேன்.

"ஏறுறேன்."

மூச்சை விட்டேன். விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து உதைத்தேன். பிடிக்கவில்லை. ஹாரன் இன்னும் பலமாக வந்தது. மறுபடி உதைத்தேன், பிடித்தது. முதல் கியர். கிளட்சை, தூங்குகிற பிள்ளையைக் கீழே விடுகிற மாதிரி விட்டேன். வண்டி நகர்ந்தது. இரண்டாவது கியருக்குப் போகவில்லை. எஞ்சின் கதறட்டும், லாரி கதறட்டும், நான் முதல் கியரிலேயே பாலத்தின் உச்சிக்கு ஏறினேன், அதே வேகத்தில் இறங்கினேன். ரேடியோ எப்போது போனான் என்று தெரியாது. திரும்பிப் பார்க்கவில்லை.

கிடங்குக் கேட்டுக்குள் திரும்பினேன். பின்னாலேயே லாரியும் திரும்பியது. அப்போதுதான் தெரிந்தது, அது எங்கள் லாரி.

டிரைவர் கதவைத் திறந்து குதித்து வந்தான். பாலம் முழுக்க இந்த ஆள் வழி விடவில்லை, நடந்து வந்திருந்தால் முன்பே வந்திருப்பேன் என்று மேஸ்திரியிடம் பொரிந்து தள்ளினான். மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். நான் தலைக்கவசத்தைக் கழற்றப் போராடிக்கொண்டிருந்தேன். தாடைக்குக் கீழே வார் அவிழவில்லை. அது தலையிலேயே கிடக்க, அப்படியே நின்று பேசினேன்.

"லாரியையே மறிச்சிட்டு வந்தியாமே?"

"மறிக்கலைங்க. முன்னாடி வந்தேன்."

"நேரம் என்ன ஆச்சு தெரியுமா?"

"தெரியாதுங்க. லாரி கேட்டுக்குள்ள வரும்போது ஆள் உள்ள இருக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க. இருக்கேன்."

அவர் லாரியைப் பார்த்தார். அதன் பின்பாதி இன்னும் ரோட்டில்தான் நின்றது. என் வண்டி கொட்டகை நிழலில் நின்றது. யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். ரேடியோ முன்னால் வந்து, நாளையிலிருந்து நானே கூட்டிக்கொண்டு வருகிறேன், இவனால் எல்லாருக்கும் தொந்தரவு என்றான். மேஸ்திரிக்கும் அது சரியென்று பட்டது. எதற்கு வம்பு, அவனோடு வந்துவிடு என்றார்.

"மாட்டேங்க. மெதுவாத்தான் வருவேன். ஆனா என் வண்டியிலதான் வருவேன். லாரிக்குப் பின்னால வந்தா அன்னிக்கு என்னை அனுப்பிடுங்க."

இவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியதே இல்லை. அவர் லாரிப் பக்கம் திரும்பினார். பிறகு கோஷ்டியைப் பார்த்து, என்ன வேடிக்கை, பலகையைப் போடுங்கள் என்றார். ரேடியோதான் வந்து என் வாரை அவிழ்த்துவிட்டான். அவிழ்க்கும்போதும் பேசிக்கொண்டேதான் இருந்தான். ஆனால் லோடு என்று சொல்லவில்லை. என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

அன்றைக்கு முதல் மூட்டையை நான்தான் வாங்கினேன். 

சரக்கை இறக்கி, அதே லாரியில் திரும்பிப் போகிற சரக்கை ஏற்றி முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. டிரைவர் தார்ப்பாய்க்கு மேல் கயிறு வீசிக் கட்டிக்கொண்டிருந்தான். நான் வண்டியிடம் போவதைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டு இறங்கி வந்தான். குரலில் காலையில் இருந்த சூடு இல்லை.

"அண்ணே, நீங்க எப்ப கிளம்புறீங்க? சொன்னீங்கன்னா அதுக்கு முன்னாடி நான் பாலத்தைத் தாண்டிடுவேன்."

கயிறு இன்னும் பாதி கட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"இப்பவே" என்று சொல்லிவிட்டு உதைத்தேன்.