கையில் சேர்க்க வேண்டிய கடிதம்

பஞ்சில் நனைத்த தண்ணீரை மங்களம் கணவனின் உதட்டில் பிழிந்துகொண்டிருந்தபோது வாசலில் சைக்கிள் நின்றது. ஜன்னல் வழியே பார்த்தாள். கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி சன்னாசி. கக்கத்தில் டெலிவரி புத்தகம், கையில் நீளமான உறை.

உள்ளே இருப்பது வேலைநீக்க நோட்டீஸ் என்று அவளுக்குத் தெரியும். கம்பெனிக்காக அந்த வாசகத்தை எழுதிக்கொடுத்தவரே கட்டிலில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்.

அவள் கணவர் உடையப்பன், ரப்பர் கம்பெனியின் சொந்த வக்கீல். சென்னையில் படித்த சட்டத்தை வைத்து, கடல் கடந்து வந்த இந்த ஈப்போவின் கோர்ட்டில் நின்று வாதாட அனுமதியில்லை. குத்தகை, ஒப்பந்தம், நோட்டீஸ் என்று கம்பெனிக்குள் உட்கார்ந்தே எழுத வேண்டும். கம்பெனி கைவிட்டால் வேறு வழி கிடையாது. இந்த 1921இல் ரப்பர் விலை விழுந்ததும் தோட்டங்களில் மரத்துப் பால் பிடிக்கும் கிண்ணங்களைக் கவிழ்த்துவிட்டார்கள். பால்வெட்டு நின்றால் ஆட்கள் வேண்டாம். ஆட்கள் இல்லையென்றால் கிராணிகள் வேண்டாம். ஒப்பந்தமே இல்லாதபோது வக்கீல் எதற்கு? ஒருநாள் சாப்பிடும்போது அவரே இதை அவளுக்கு விளக்கினார்.

நோட்டீஸ் எப்படிச் செல்லுபடியாகும் என்பதையும் சொல்லியிருந்தார். எழுதும்போது அது வெறும் காகிதம். ஆளின் கையில் கொடுத்து, டெலிவரி புத்தகத்தில் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்கிய நிமிடத்தில்தான் வேலை போகும். வேலை போனவர் ஏழு நாளில் கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேலையில் இருக்கும்போதே இறந்தால் குடும்பம் ஆறு மாதம் இருக்கலாம்.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் வீரம்மா சமையலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒன்பதாம் மாதம். காலையில் வந்த டாக்டர், இன்று பொழுது தாண்டாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சன்னாசி கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். இந்த வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவன்.

"அண்ணே எப்படி இருக்காருக்கா?"

"தூங்குறாரு."

"எழுப்ப வேணாம்லா. கையெழுத்துப் போட முடியலன்னா ரேகை எடுத்துட்டு வான்னு துரை சொல்லிட்டாரு." சட்டைப்பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னிக்கே முடிக்கணுமாம். இல்லாட்டி அடுத்த நோட்டீசு எனக்குத்தான்."

வீரம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவள் குனிந்து நிமிரச் சிரமப்பட்டதைப் பார்த்துவிட்டு, சன்னாசி தலையைத் தாழ்த்திக்கொண்டு குடித்தான். படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு திரைதான். டம்ளர் காலியானதும் உள்ளே போகலாமா என்று கேட்டான்.

"இரு தம்பி, பாத்துட்டு வாரேன்."

உடையப்பன் கண் விழித்திருந்தார். மூச்சு விட்டுவிட்டு வந்தது. வலது கைப் பெருவிரல் போர்வைக்கு வெளியே கிடந்தது. மங்களம் சுவர்க் கண்ணாடி முன் போய் நின்றாள். முந்தானையால் நெற்றிப் பொட்டை அழுத்தித் துடைத்தாள். கொண்டையை அவிழ்த்து முடியை விரித்துப் போட்டாள். அவரைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

"போயிட்டாரு தம்பி."

சன்னாசி எழுந்து நின்றான். வெறும் நெற்றியைப் பார்த்தான். மைப்பெட்டியை மெதுவாக மூடினான்.

அப்போது திரைக்குப் பின்னால் இருமல் கேட்டது. சளி கட்டிய, நீளமான இருமல்.

இருவரும் அசையவில்லை. சமையலறையில் வீரம்மாவின் காலடி நின்றது.

சன்னாசி உட்கார்ந்தான். புத்தகத்தை மடியில் விரித்து, ரேகை வைக்க வேண்டிய கட்டத்தில் எழுதினான். எழுதியதைத் தாழ்ந்த குரலில் வாசித்தான்.

"பத்தரைக்குப் போனேன். அதுக்கு முன்னாடியே இறந்துட்டாரு."

மை காயும்வரை ஊதினான். உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். வாசற்படியில் நின்று, அவளைப் பார்க்காமலே சொன்னான்.

"மாலை போட துரை நாலு மணிக்கு வருவாருக்கா."

சைக்கிள் சத்தம் தேயும்வரை மங்களம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். உடையப்பன் அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் பார்த்தார். வெளியே கிடந்த பெருவிரலை மெல்ல மடக்கி, உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார்.

மங்களம் குங்குமச் சிமிழைத் திறந்து, அதே இடத்தில் பொட்டு வைத்துக்கொண்டாள். கடிகாரம் பதினொன்று அடித்தது. அவள் பஞ்சைத் தண்ணீரில் நனைத்தாள்.